மீன்தொட்டிக் குழாய்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே புழுக்கம். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே ஜாக்கெட் நனைந்துவிட்டது. உட்கார இடம் கிடைத்தது, ஜன்னல் ஓரம் இல்லை. திண்டிவனத்தில் இறங்கி ஷெட்டுக்கு நடை. ஷெட் ஓனர் அண்ணன் இன்னும் வரவில்லை. கூட்டிப் பெருக்கி, மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றி, டீ குடித்து முடிப்பதற்குள் முதல் வண்டி.

ஒலக்கூர் தணிகாசலம் சாரின் வெள்ளை வண்டி. வேர்க்கடலை மண்டிக்காரர், நம்ம ஷெட்டுக்குப் பாதி வண்டி அவர் சொல்லித்தான் வருகிறது. ஏழு பேர் உட்காரும் டீசல். வீட்டுக்கும் ஓடும், கல்யாணம் கோயில் என்று வாடகைக்கும் ஓடும். கொண்டுவந்தது டிரைவர் குமரவேல். கிளியனூர்ப் பையன், நிதானமானவன்.

"காலைல சில்லுனு இருக்கறப்ப நல்லா போவுதுக்கா. கொஞ்ச தூரம் ஓடி சூடாச்சின்னா இழுவையே இல்ல. மயிலம் மேட்டுல பின்னாடி வர்ற மினி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்க்கா, மானம் போவுது."

சரி பார்க்கிறேன் என்றேன். ஸ்கேனர், கேஜ் எல்லாம் என் தலையில்தான். அண்ணன் ஸ்பேனர் தவிர எதையும் தொடமாட்டார்.

பார்த்தது:
ஸ்கேனர் - டர்போ தரும் காற்று குறைவு என்கிறது. ஏன் என்று சொல்லாது.
ஏர் ஃபில்டர் - சுத்தம்.
வேக்கம் - பம்ப் வாயில் கேஜ் வைத்தேன். ஊசி இருபத்தாறில் அசையாமல் நின்றது. நல்ல பம்ப்.
டீசல் ஃபில்டர் - அடியில் கொஞ்சம் தண்ணீர், கறுப்பாக ஏதோ.

ஃபில்டரை மாற்றி, ஸ்கேனர் காட்டிய கோளாறை அழித்து, சாருக்குப் போன். "டீசல்ல ஏதாச்சும் கலந்திருக்கலாம் சார்" என்றேன். அவர் "ஓஹோ" என்றார். வண்டி போனது. ஷெட் வாசலில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. சாயந்திரம் பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். மறக்காமல் வாங்கினேன்.

ஜூலை 5, சனி

நேற்று மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. இன்று அனல்.

மத்தியானம் தணிகாசலம் சார் போன். குமரவேலிடமிருந்து சாவியை வாங்கிவிட்டாராம்.

"நீ சொன்னதுதாம்மா கரெக்ட்டு. ஒரு மாசமா மைலேஜும் வர்ல. நல்ல டீசல வித்துட்டு கண்டத ஊத்தியிருக்கான். வூட்டுப் புள்ள மாதிரி வச்சிருந்தேன்."

"இருக்கலாம்னுதான் சார் சொன்னேன்."

"அதான், நீயே சொன்னியேம்மா. படிச்ச பொண்ணு, சொம்மாவா சொல்லுவ?"

இழுவை இல்லாத வண்டியில் டிரைவர் ஆக்சிலேட்டரை அதிகம் மிதிப்பான், மைலேஜ் தானாகக் குறையும். இதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது. படிச்ச பொண்ணு என்று சொன்னதில் கொஞ்சம் குளிர்ந்துபோய் இருந்தேன் என்பதுதான் உண்மை.

போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் வேண்டாமாம். ஊர் திரௌபதியம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அணைத்து, எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால் போதுமாம். குமரவேல் மாட்டேன் என்றிருக்கிறான். வீட்டுக்காரி சுகன்யா மாசமாக இருக்கிறாள், முதல் பிள்ளை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தகப்பன் சத்தியத்துக்குக் கை நீட்டக் கூடாது, உண்மையாகவே இருந்தாலும் கூடாது. அவர்கள் வீட்டில் அப்படி.

"மடியில கனமில்லாதவன் எதுக்கும்மா பயப்படறான்?" என்கிறார் சார்.

அண்ணனிடம் சொன்னேன். "அது அவங்க பிரச்சன. நீ அந்த ஆட்டோவோட கிளட்ச் பிளேட்டப் பாரு" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனது. பிரசங்கம் எதைப் பற்றி என்று வீட்டில் இவர் கேட்டதும் முழித்தேன். கோழிக் குழம்பில் உப்பு இரண்டு தடவை.

பாப்பா கேட்டாள், வேக்கம் என்றால் என்ன என்று. பள்ளியில் ஏதோ பாடமாம். ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுகிறாய் இல்லையா, அந்த உறிஞ்சல்தான் வேக்கம் என்றேன். டர்போ என்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும். எவ்வளவு திணிக்கணும் என்று திருப்பிவிட ஒரு சின்னக் கம்பி இருக்கும். அந்தக் கம்பியை இழுப்பது இந்த உறிஞ்சல். பம்ப் ஒரு மூலையில், கம்பி ஒரு மூலையில், நடுவில் ஒரு ஓஸ், ரப்பர் குழாய்.

"கடையில பேப்பர் ஸ்ட்ரா குடுக்கறாங்களே, அது ஊறிப்போயி நசுங்கிடுதும்மா. எவ்ளோ உறிஞ்சனாலும் வர்ல" என்றாள்.

சிரித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். பாதித் தட்டில் கை நின்றுவிட்டது. சூடானால் இழுவை இல்லை என்று அந்தப் பையன் சொன்னான். நான் பார்த்தது பம்ப் வாயில் மட்டும். அதுவும் ஆறிக்கிடந்த வண்டியில்.

ஜூலை 7, திங்கள்

சாரே ஓட்டிக்கொண்டு வந்தார். புது டீசல், புது ஃபில்டர், அப்படியும் இழுவை இல்லை. "என்ஜினையே கெடுத்து வச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுப் போய்விட்டார்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். கம்பியை இழுக்கிற டப்பா பக்கத்தில், ஓஸின் கடைசி முனையில் டி ஜாயின்ட் போட்டு கேஜை மாட்டினேன். நீளமான குழாய் விட்டு கேஜை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் ஓட்டினார். மயிலம் ரோடு.

ஆரம்பத்தில் ஊசி நன்றாக நின்றது. வெயில் வேறு, என்ஜின் சூடேற ஏற ஊசி சரிய ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அண்ணன் காலை அழுத்துகிறார், வண்டி முனகுகிறது. நிறுத்தச் சொல்லி, என்ஜினை அணைக்காமல் பானட்டைத் திறந்தேன்.

ஓஸ் நசுங்கிக் கிடந்தது. பட்டை மாதிரி. கம்பி அசையாமல் இருந்தது. என்ஜினை அணைத்ததும் குழாய் மெள்ள உருண்டு எழுந்து, ஒன்றும் தெரியாத மாதிரி பழைய உருவத்துக்கு வந்தது. லேசான பச்சை நிறம். ஊடே பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாது இது, நம்ம மீன்தொட்டி பைப்பு மாதிரி இருக்குது?"

மாதிரி இல்லை. அதேதான். மே கடைசியில் முகூர்த்த நாள் ஒன்று. இந்த வண்டியில் பழைய ஓஸ் வெடித்திருந்தது. புதுசு பாண்டியிலிருந்து வர மறுநாள் ஆகும். சார் போனில் ஜல்தி ஜல்தி என்கிறார், பெண்ணழைப்பு நிற்கிறது என்கிறார். மீன்தொட்டிக்கு வாங்கி மீந்த குழாயில் ஒரு துண்டு வெட்டிச் சொருகினேன். விரல் கனத்துக்குச் சரியாக உட்கார்ந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்து மறந்தே போனேன். ஊதுகிற காற்றுக்குச் செய்த குழாய், உறிஞ்சினால் தாங்காது. சூட்டில் இளகிவிடும். மெக்கானிக் படிப்பில் முதல் வருஷப் பாடம்.

"நான்தாண்ணே போட்டேன்."

தடித்த ரப்பர் ஓஸ் வாங்கிவந்து மாட்டினோம். மறுபடி அதே மேடு, மூன்றாவது கியரில் சும்மா ஏறியது. ஊசி அசையவில்லை. இதைக் கண்டுபிடித்ததற்கு வேறொரு நாளாக இருந்தால் பரோட்டா வாங்கிக் கொண்டாடியிருப்பேன். இன்று பஸ்ஸில் வரும்போது அழுகை. கண்டக்டர் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்ததே தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் இன்னும் மோசம்.

காலையில் சாருக்குப் போன் செய்தேன். பஸ்ஸில் வரும்போதே வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்திருந்தேன். சார், என் தப்பு, குமரவேல் மேல் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். அண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். "இந்த ஒரு வண்டியோட போவாது ஸ்டெல்லா. மண்டியில இருக்கிற எல்லா வண்டியும் போயிடும். பாத்துப் பேசு" என்று மட்டும் சொன்னார்.

போனில் வந்தது இதுதான்: "டீசல் இல்ல சார், வேக்கம் ஓஸ்லதான் கோளாறு. யாரோ மீன்தொட்டி பைப்ப வெட்டிப் போட்டிருக்காங்க. மாத்தியாச்சு."

யாரோ.

"யாரோ இன்னா யாரோ? வண்டி அவன் கைலதான இருந்துச்சு? நல்ல ஓஸ உருவி வித்துட்டு இத்தச் சொருவியிருக்கான் திருட்டுப்பய. டீசலு போதாதுன்னு பார்ட்சு வேற."

"அப்டி இல்ல சார்..."

"நீ நல்ல பொண்ணு, உனக்குத் தெரியாதும்மா. ஆட்டம் காட்டுறானுங்க."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட போனை எடுத்தேன். ஆட்டோக்காரர் கிளட்ச் என்னாச்சு என்று வந்து நின்றார். நல்லதாகப் போயிற்று என்று அவரிடம் பேச ஆரம்பித்தேன். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டீசல் விஷயமாவது 'இருக்கலாம்' போட்டுச் சொன்னது. அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

மீன்தொட்டியில் ஒரு மீன் மிதந்தது. அண்ணன் தூக்கிப் போட்டார். எனக்குத் தொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

சாயந்திரம் காற்று, தூசி, நாலு தூறல். தகரம் பறக்கிற சத்தத்தில் முதலில் போன் அடித்தது கேட்கவில்லை.

குமரவேல்.

"அக்கா, ஒரு நிமிசம் பேசலாமாக்கா? வேலையா இருக்கீங்களா?"

கிளியனூரில் இன்னொரு டிராவல்ஸ்காரரிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறான். அவர் சாரிடம் விசாரித்துவிட்டு, பார்ட்ஸ் மாற்றுகிற ஆள் எனக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம்.

"அந்த பைப்பு இன்னான்னே எனக்குத் தெரியாதுக்கா. நான் பானட்டு தொறந்தா தண்ணி ஊத்த, ஆயில் பாக்க, அவ்ளோதான். உங்களுக்குத்தான்க்கா தெரியும் அது எப்ப போட்டது, யாரு போட்டதுன்னு. நீங்க ஒரு வார்த்த சொன்னா சார் கேப்பாரு. அவருக்கு உங்க மேல மரியாத."

நான் சொன்னது: "பாக்கறேன் தம்பி."

"சரிக்கா. சுகன்யா சாப்புடவே மாட்டேங்குது. அதான் பேஜாரா இருக்குது. வச்சிடறேன்க்கா."

இப்படி ஒரு பதில் சொல்ல எங்கே கற்றுக்கொண்டேன்? ஆபீஸ் ஆபீஸாக அப்பாவுக்கு ஆதார் திருத்த அலைந்தபோது எல்லோரும் எனக்குச் சொன்னது இதுதான். பாக்கறேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ போயி சொல்லிடு. அண்ணன் திட்டினா திட்டட்டும்" என்றார். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார். அவ்வளவு சுலபமாக அவருக்கு வந்தது எனக்குக் கோபமாக இருந்தது. நாளைக்குப் போகிறேன். நிச்சயம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் போயிருக்கணும். இரண்டு வண்டி டெலிவரி என்று மத்தியானம் வரை இழுத்தேன். டெலிவரியை அண்ணனே கொடுத்திருப்பார்.

ஒலக்கூர் போய் இறங்கும்போது வெயில் கொஞ்சம் தணிந்திருந்தது. மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் சார். வாம்மா என்று ஸ்டூல் போடச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும்.

"அந்த பைப்ப போட்டது நான் சார். மே மாசம், கல்யாணத்துக்கு நீங்க அவசரப்படுத்தினப்ப. குமரவேல் எதையும் எடுக்கல, எதையும் மாத்தல. மைலேஜ் கொறஞ்சதும் அதனாலதான். போன்ல யாரோன்னு சொன்னேன். யாரோ இல்ல, நான்தான்."

ஒரே மூச்சில். சார் என்னையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கணக்குப்பிள்ளையை வெளியே போகச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலைல அவன் சத்தியம் பண்ணிட்டான்மா."

ஊரில் நாலு பேர் போய்ப் பேசினார்களாம். வேறெங்கும் வேலை கிடைக்காது, ஒரு நிமிஷ விஷயம், கையை வைத்துவிட்டு வந்துவிடு என்று. விடியற்காலையில் வந்திருக்கிறான். சார் சொல்லச் சொன்னதை வரிசையாகச் சொன்னானாம். டீசல் எடுக்கவில்லை. அந்தக் குழாயைப் போடவில்லை. கடைசி வரி சார் சேர்த்தது: போட்டவங்க யாரா இருந்தாலும் அவங்கள, அவங்க பிள்ளைங்கள, நீயே கேளு தாயே.

கற்பூரத்தைப் பெரிய கட்டியாக வைத்தார்களாம். அணைத்தான். திரும்பிப் பார்க்காமல் போனான்.

"நீ நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் சார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் பார்த்தேன். பொய்யாக ஒருத்தனைச் சத்தியத்துக்கு இழுத்தவன் என்று ஊர் பேசும் இல்லையா. "சரி, ஆனது ஆயிடுச்சி. இத்த இத்தோட வுடு. வெளிய எதுவும் சொல்லாத. உங்க ஷெட்டுக்கு வண்டி வர்றது வந்துக்கினுதான் இருக்கும். அவன நானே வேலைக்குக் கூப்ட்டுக்கறேன்."

கூப்பிட்டார் உடனே, என் எதிரிலேயே போனில். குமரவேல் எடுத்தான். சார் "வண்டி சரியாயிடுச்சிப்பா, வந்துடு" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. சார் "சரி, சரி" என்று வைத்தார். சத்தியம் கேட்ட வீட்டில் இனிமேல் தண்ணீர் கூடக் குடிக்க முடியாது, மன்னிச்சுக்குங்க என்றானாம்.

வரும்போது பஸ்ஸில் பாப்பாவிடமிருந்து போன். வயிறு வலிக்கிறது என்றாள். எப்போதிலிருந்து என்று இரண்டு தடவை கேட்டேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. பள்ளி வாசலில் விற்கிற மாங்காய், வேறொன்றும் இல்லை. வீட்டுக்கு வருவதற்குள் சரியாகி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன். "இன்னாம்மா?" என்றாள். ஒன்றுமில்லை.

சார் வெளியே சொல்லாதே என்றார். அண்ணனுக்கும் அதுதான் வேண்டும். எனக்கும் ஒரு நிமிஷம் அதுதான் வேண்டியிருந்தது.

ஜூலை 12, சனி

ஷெட்டுக்குப் போகவில்லை. அண்ணனுக்கு மெசேஜ் மட்டும். கிளியனூர்.

வீடு கேட்டதும் காட்டினார்கள். நான் வழி கேட்ட பெண் ஒருத்தி "அந்த டீசல் பையன் வூடா?" என்றாள். பெயரே மாறிவிட்டிருக்கிறது ஒரு வாரத்தில். "டீசல் பையன் இல்ல, குமரவேல்" என்றேன். நான் யார் அதைத் திருத்த?

குமரவேல் வாசலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே குரல் கொடுத்து நாற்காலி எடுத்து வந்தான், இடது கையால். வலது உள்ளங்கை நடுவில் கறுத்து, சுற்றி மஞ்சள் பூசியிருந்தது. சுகன்யா மோர் கொண்டுவந்தாள். சின்னப் பெண். வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. இவள் கையால் மோரை வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்வதா, சொல்லிவிட்டுக் குடிப்பதா என்று முட்டாள்தனமாக யோசித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மீன்தொட்டிக் குழாய், மே மாசம், டீசல் என்று சொன்னது, யாரோ என்று சொன்னது, பாக்கறேன் தம்பி என்று சொன்னது வரைக்கும். எதையும் விடவில்லை. சாரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அந்த டிராவல்ஸ்காரரிடமும் நானே இன்றைக்குப் போய்ச் சொல்கிறேன், ஊரில் யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றேன்.

சுகன்யா பார்வையை என் மேலிருந்து எடுக்கவில்லை. அவள் திட்டியிருக்கலாம். அந்த மோரை எடுத்து என் மூஞ்சியில் ஊற்றியிருக்கலாம்.

குமரவேல் முகம் வெளிறிவிட்டது. கோபம் என்று நினைத்தேன்.

"உங்களுக்குப் பசங்க இருக்காங்களாக்கா?"

"ஒரு பொண்ணு."

"ஐயோ" என்று வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "உங்க பாப்பாவையும் சேத்து சொல்லிட்டேனேக்கா. சத்தியமா தெரியாதுக்கா. அவரு சொல்லச் சொன்னாரு, நானும் ஆத்திரத்துல சொல்லிட்டேன். நீங்கன்னு தெரிஞ்சிருந்தா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மன்னிச்சுக்குங்கக்கா."

அவன் என்னிடம் மன்னிப்பு கேட்கிறான். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று ஏதோ உளறினேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மனிடம் போய்ச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறானாம். பாப்பா பேரில் ஒரு அர்ச்சனையும் பண்ணிவிடுகிறானாம். சுகன்யாவைப் பார்த்தான். அவள் சரி என்று தலையாட்டினாள்.

"பாப்பா பேரு, நட்சத்திரம் சொல்லுங்கக்கா."

பேர் ஏஞ்சலின். நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன்.

"அப்ப பொறந்த தேதி, நேரம் சொல்லுங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

சொன்னேன். இடது கையால் போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். சரியா இருக்குதா பாருங்கக்கா என்று என்னிடம் நீட்டினான்.